எனக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகள்

அக்டோபர் 9, புதன்

தையற்காரியிடமிருந்து கல்யாண உடுப்பு வந்தது. இடுப்பில் இரண்டு விரல் தொளதொளவென்று இருக்கிறது. என் பெண் சிம்னாஸ் இளைத்துவிட்டாள். நான் தொட்டுப் பார்க்கப் போனால், “கையைக் கழுவிட்டுத் தொடும்மா” என்கிறாள். மூன்று முறை கழுவிவிட்டேன். பதினாறு வருஷம் குளியல் கூடத்தில், மூட்டு வலிக்கு வருகிறவர்களை மண்ணிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெயில் உட்காரவைத்து வழித்துவிடுகிற வேலை பார்த்தவள் கையிலிருந்து எண்ணெய் வாசனை எங்கே போகும்?

சம்பந்தியம்மா ஃபோன் செய்து, பெண்ணின் அப்பா வருகிறாரா என்று மறுபடி கேட்டாள். சொல்லி அனுப்பியிருக்கிறோம் என்றேன். பொய் இல்லை. ரஷ்யாவுக்குப் பழம் ஏற்றிப் போகும் லாரிக்காரர்கள் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் புருஷன் மஸாஹிர் அங்கே வேலைக்கென்று போய்ப் பதினெட்டு வருஷம், ஃபோன் செய்து நான்கு நவ்ரோஸ் பண்டிகை ஆகிவிட்டது.

அக்டோபர் 10

மாமா, மஸாஹிரின் அப்பா, இன்றே முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது, அதற்குள் வளர்ந்துவிடும் என்றேன். அப்படியானால் இன்னொரு தடவை வெட்டிக்கொள்வாராம். எண்பத்திரண்டு வயது.

அக்டோபர் 14, திங்கள்

சிகிச்சைக்குப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். என் பங்குக்கு ஆறு பெண்கள். கூட வேலை பார்க்கும் ஷோவ்கத் வழக்கம்போல, “தொட்டியிலேருந்து கறுப்பா எறங்கி, வெள்ளையா பஸ் ஏறிப் போறாங்க, நாமதான் வருஷம் பூரா அழுக்கு” என்று சொல்லிக்கொண்டே தொட்டிகளைக் கழுவினாள்.

மூன்றாம் தொட்டிக்கு ஸினைதா பாவ்லோவ்னா. ஐம்பத்து நாலு வயது, ரஷ்யாவில் வோல்கோகிராத். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் நான் எப்போதுமே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன். அங்கேயிருந்துதான் மஸாஹிர் கடைசியாகப் பேசினான். ஆனால் பத்து லட்சம் பேர் இருக்கிற ஊர் அது.

விரல்கள் வேர் மாதிரி முறுக்கிக் கிடக்கின்றன, சட்டைப் பொத்தானைக்கூட அவளால் கழற்ற முடியவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். குழாயைத் திறந்ததும் கறுப்பு எண்ணெய் காலில் ஏற, கூசிப்போய்ச் சிரித்தாள். எல்லோரும் முதல் நாள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

என் பெயரைக் கேட்டாள். நூபார் என்றேன்.

“அட, என் வீட்டுக்காரரோட மொத பொண்டாட்டி பேரும் அதான். பாவம், பிரசவத்துல போயிட்டா. குழந்தையும் போயிருச்சு. வருஷா வருஷம் கோயில்ல அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்துறேன்.”

உங்களுக்கு நல்ல மனசு என்றேன். முஸ்லிம் பெண்ணுக்கு உங்கள் பாதிரியார் ஏற்ற விடுவாரா என்று கேட்டேன். அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றாள்.

நூபார் என்ற பெயர் ஊருக்கு நாலு இருக்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு.

அக்டோபர் 15

ஸினைதா பாவ்லோவ்னாவின் புருஷன் பிப்ரவரியில் இறந்துவிட்டாராம், பக்கவாதம். மீஷா, மீஷா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த எண்ணெயைப் பற்றிப் பதிமூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம், ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்று. இப்போது தனியாக வந்திருக்கிறாள்.

நம் ஆட்கள் ரஷ்யாவில் வைத்துக்கொள்ளும் பெயர் எல்லாமே மீஷாவோ கோல்யாவோதான். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? முதுகில் எண்ணெய் வழித்துக்கொண்டிருந்தேன், கேள்வி வாய்வரை வந்தது. “மறுபக்கம் திரும்புங்க” என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 16

அவன்தான்.

குளித்தவர்கள் படுத்துக்கொள்ளும் அறையில் தேநீர் கொடுக்கப் போனேன். ஸினைதா பாவ்லோவ்னாவுக்கு ஃபோனில் படம் தள்ள விரல் வரவில்லை, நீ தள்ளிக் காட்டு என்றாள். தள்ளினேன். தர்ப்பூசணிக் குவியல். அதன் முன்னால் நரைத்துப்போன ஒரு ஆள். இடது புருவத்தில் வெட்டு. எங்கள் வீட்டு இரும்புக் கதவு விழுந்து ஏற்பட்ட வெட்டு அது, நான்தான் துணி வைத்து அமுக்கிப் பிடித்திருந்தேன், அப்போது சிம்னாஸ் வயிற்றில்.

தேநீர் ஆறிவிடும் என்றேன். அடுத்தவளுக்கு எண்ணெய் திறந்துவிடப் போனேன். அவளை முழுக்க வழித்து, மூன்று முறை கழுவி, துண்டு போர்த்தி அனுப்பினேன். அவள் முகம் ஞாபகம் இல்லை.

செத்துட்டான். எட்டு மாசம் ஆச்சு. அவன் கணக்குல நான் அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே செத்தாச்சு. குழந்தையோட சேத்து. எம் பொண்ணையும் சேத்து.

அக்டோபர் 17, வியாழன்

வேலைக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

யோசித்துப் பார்த்தேன். சொன்னால் வீட்டில் துக்கம். மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், பிறகு வருஷ நாள். அப்பா இறந்த செய்தி வந்த வீட்டில் பத்து நாளில் மேளம் அடிக்க முடியாது. மாப்பிள்ளையின் சித்தப்பா இறந்து ஏப்ரலில் ஒரு தடவை தள்ளிவைத்தாகிவிட்டது. அப்போதே சம்பந்தியம்மா, “இன்னொரு தடவை தள்ளிப்போனா அதோட விட்டுருவோம், நூபார், கோவிச்சுக்காத” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் செய்வாள். மாப்பிள்ளை ருஃபத் நல்ல பையன். ஆனால் அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான்.

அப்பா இல்லாத பெண் என்று மூன்று வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இது நாலாவது.

இருபத்தேழாம் தேதி வரை சொல்லப் போவதில்லை. மாமாவிடமும்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் தட்டில் இரண்டு கரண்டி அதிகம் போட்டேன். என்ன விசேஷம் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

இதை எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்.

ஸினைதா பாவ்லோவ்னாவுக்கு ஐந்தாவது குளியல். பத்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. நெஞ்சுக்குக் கீழேதான் எண்ணெய் நிற்க வேண்டும். பதினாறு வருஷத்தில் நான் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். பனிக்காலத்தில் அவளுக்கு முன்னால் அவன் எழுந்துவிடுவானாம். அவள் செருப்பை அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கி, காலில் மாட்டிவிடுவானாம், அவளால் குனிய முடியாது என்பதால்.

எனக்குப் பிள்ளை பிறந்த பனிக்காலத்தில் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனது நான். அவன் சீட்டாடிக்கொண்டிருந்தான்.

மணல் தீர்ந்தது. பார்த்தேன். எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று. பன்னிரண்டு. என்ன நினைத்தேன்? ஒன்றுமே நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். போகட்டும் என்று நினைத்தேன். எது போகட்டும், யார் போகட்டும், அதை மட்டும் நினைக்கவில்லை.

பதினாலாம் நிமிடம் அவள் பேச்சு நின்றது. உதடு வெளுத்து, தலை சரிந்து, எண்ணெய் தாடையைத் தொட்டது. பாய்ந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். எண்ணெய் உடம்பு, பிடி நிற்கவில்லை, இரண்டு தடவை வழுக்கியது. “ஷோவ்கத், ஓடிவா” என்று கத்தினேன். இரண்டு பேரும் தொட்டிக்குள் இறங்கித் தூக்கினோம்.

நாடி திரும்பிய பிறகு டாக்டர் என்னைப் பார்த்து, எவ்வளவு நேரம் இருந்தாள் என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவள் படுத்தபடியே சொன்னாள்:

“நான்தான் இன்னும் கொஞ்ச நேரம்னு கெஞ்சினேன், டாக்டர். அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க.”

நம்ம வேலை போச்சுன்னே நெனச்சேன், தப்பிச்சோம் என்றாள் ஷோவ்கத். நான் வெளியே தோட்டத்தில் போய் வாந்தி எடுத்தேன்.

அக்டோபர் 19, சனி

இரண்டு நாள் அவளுக்குக் குளியல் கிடையாது. அறைக்குப் போனேன். மாதுளை உரித்துக் கிண்ணத்தில் கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

நேற்று நேரம் முடிந்தது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டேன் என்றேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்றாள். மறந்திருப்பாய், எனக்கும் வேலையில் மறக்கும், நான் இருபது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள் என்றாள். பேச்சை மாற்றி எனக்கு வழிவிடப் பார்த்தாள். அந்த வழியாக நான் போயிருக்கலாம்.

“நீங்க மெழுகுவர்த்தி ஏத்துற நூபார் நான்தான். மஸாஹிர் எங்க வீட்டுக்காரர். நான் சாகல. குழந்தையும் சாகல. அவளுக்கு இருபத்தோரு வயசு, அடுத்த ஞாயித்துக்கிழமை கல்யாணம்.”

என் கையைத் தொட வந்தவள், நடுவில் தன் கையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட அழுதான். நீ செத்ததச் சொல்லும்போது அழுதான், நூபார். நான் அவன் தலையத் தடவிக்கொடுத்தேன்.”

மாதுளைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

என் முறை வந்ததும் கேட்டேன். கடைசியில் என்ன சொன்னான்? பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டதாம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கண் மட்டும் அசைந்ததாம். தாத்தார் இனத்து முல்லா ஒருவரைத் தேடிப் பிடித்து நம் முறைப்படி அடக்கம் செய்திருக்கிறாள். அவன் பக்கத்து ஆட்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது. அப்பாவும் போய்விட்டார் என்று சொல்லியிருந்தானாம். மாமாவையும் கொன்றுவிட்டான்.

வெளியே வரும்போது மாதுளையை எடுத்துப்போய்விடு என்றாள். பிறகு வேண்டாம், வைத்துவிட்டுப் போ என்றாள்.

அக்டோபர் 20

ஞாயிறு. மாவு வறுத்து, இறந்தவர்களுக்காகச் செய்யும் அல்வா கிண்டினேன். யாருக்கு என்று சிம்னாஸ் கேட்டாள். வேலையிடத்தில் ஒருத்தியின் புருஷன் இறந்துவிட்டான் என்றேன். பொய் சொல்லாமலே பொய் சொல்லப் பழகிவிட்டேன். அவள் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றாள்.

அக்டோபர் 22

அவளை வேறு தொட்டிக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். உனக்குக் கஷ்டம் என்றால் மாற்றிக்கொள், எனக்கு உன் கையே போதும் என்றாள். மாற்றவில்லை.

இப்போதெல்லாம் பேச்சு குறைவு. எண்ணெயை வழிக்கும்போது அவள் தோள், முதுகு, முழங்கால் என்று என் கை போகிறது. அவன் தொட்ட உடம்பு என்று முதலில் ஒரு எரிச்சல் வரும். பிறகு அந்த வீங்கிய முழங்கால் வரும்போது அது வெறும் முழங்கால். வலிக்காமல் வழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெண்ணை ஒருமுறை தூரத்திலிருந்து பார்க்கலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். சரி என்றாள். திருப்பிக் கேட்கவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

இன்று அவளுக்குக் கடைசிக் குளியல். டாக்டர் எட்டோடு நிறுத்திவிட்டார்.

நான் கூப்பிடவில்லை. சிம்னாஸ் தானாகவே வந்தாள், வீட்டுச் சாவியை நான் கொண்டுவந்துவிட்டேன் என்று. கூடத்து வாசலில் என்னோடு பேசிக்கொண்டு நிற்கும்போது ஸினைதா பாவ்லோவ்னா மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். சிம்னாஸுக்கு அவன் புருவம், அவன் நெற்றி. யார் பார்த்தாலும் தெரியும்.

பொத்தான் போட முடியாமல் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் என் பெண். “கொஞ்சம் இருங்கம்மா, நான் போட்டு விடுறேன்” என்று அவளுடைய பள்ளிக்கூட ரஷ்யனில் சொல்லிக் குனிந்து, கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். ஆறு பொத்தான்.

ஸினைதா பாவ்லோவ்னா நன்றி சொன்னாள். கல்யாணமாமே, நன்றாக இரு என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. போகும்போது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாளைக் காலை கெஞ்சா நகரத்திலிருந்து அவளுக்கு விமானம்.

அதற்கு முன்பே, துண்டு போர்த்திவிடும்போது என் ஃபோன் எண்ணை வாங்கிக்கொண்டாள், அவளுடையதையும் எழுதிக் கொடுத்தாள். எதற்கு என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

முடிந்தது. பெண் போய்விட்டாள்.

அப்பாவோ அண்ணனோ கட்ட வேண்டிய சிவப்பு நாடாவை மாமாதான் அவள் இடுப்பில் கட்டினார். இரண்டு முறை சுற்றி அவிழ்த்து, மூன்றாவது முறை முடிச்சுப் போட வேண்டும். இரண்டாவது சுற்றில் நாடா கைநழுவி விழுந்துவிட்டது. யாரோ சிரித்தார்கள். சிம்னாஸ் அவர் நெற்றியில் முத்தமிட்டாள்.

என்னை ஆடக் கூப்பிட்டார்கள். ஆடினேன். பெண்ணோடு கைகோத்து, மண்டபம் முழுக்கக் கைதட்ட, நன்றாகவே ஆடினேன். சம்பந்தியம்மா, “ஒனக்கு இவ்வளவு ஆடத் தெரியுமா நூபார்” என்றாள்.

நவம்பர் 6

மாமாவிடம் சொல்லிவிட்டேன். காலையில் தேநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

கண்ணாடி டம்ளரைத் தட்டில் வைத்தார். அடக்கும்போது முகத்தை மெக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திருப்பி வைத்தார்களா என்று கேட்டார். வைத்தார்கள் என்றேன். யார் செய்தது என்றார். முழுவதையும் சொன்னேன், பதினாலு நிமிடத்தையும் விடவில்லை.

அவர் கேட்டது இதுதான்: “அந்தப் பொம்பளைக்கு மூட்டு வலி கொறஞ்சுதா?”

கொஞ்சம் குறைந்தது என்றேன். பிறகு எழுந்து தொழுகை அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பதினெட்டு வருஷத்தில் மகனைப் பற்றி ஒரு வார்த்தை திட்டாதவர், புகழாதவர்.

நவம்பர் 9

வாசலில் துக்கப் பந்தல் போட்டாயிற்று. ஆண்கள் வருகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், போகிறார்கள்.

சிம்னாஸ் நேற்றே கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தாள். என் மடியில் படுத்து அழுதாள். இன்று அடுக்களையில் ஷோவ்கத், நல்ல எண்ணத்தோடுதான், அம்மா எவ்வளவு தாங்கிக்கொண்டாள் தெரியுமா, மருதாணி வைக்கும்போதுகூட முகத்தில் காட்டவில்லையே என்று சொல்லிவிட்டாள். நான்தான் முந்தாநாள் ஷோவ்கத்திடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன்.

சிம்னாஸ் கையிலிருந்த தட்டை வைத்தாள்.

“நான் ஆடும்போது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என் கையப் புடிச்சு ஆடுனியேம்மா.”

உனக்காகத்தான் என்றேன். அவள் கேட்டாள்: எனக்காகவா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் காத்திருந்திருப்பேன், ருஃபத் காத்திருக்க மாட்டானா, மாட்டான் என்றால் அப்படிப்பட்டவனுக்கா என்னைக் கொடுத்தாய்? சேதி குளியல் கூடத்துக்கு வந்த ஒரு ரஷ்யக்காரி மூலம் கிடைத்தது என்று நேற்று சொல்லியிருந்தேன்; அப்படியானால் அந்தக் கோட்டுக்காரம்மா யார் என்றும் கேட்டாள். சொன்னேன். “என்னையே பொத்தான் போட வச்சிட்டு வேடிக்கை பாத்திருக்க” என்றாள்.

பந்தல் பிரிக்கும்வரைகூட இருக்கவில்லை.

நவம்பர் 30

நான் செய்தால் சிம்னாஸ் ஃபோன் எடுப்பதில்லை. மாமா செய்தால் எடுக்கிறாள்.

டிசம்பர் 17

நாற்பதாம் நாள் ஓதினோம், ஊருக்குச் சேதி சொன்ன நாளிலிருந்து எண்ணி. ருஃபத் மட்டும் வந்தான். அவளுக்கு உடம்பு சரியில்லை அத்தை என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிட்டது. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்க நினைத்தேன். கேட்டுத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு இது துக்கமா என்றே தெரியவில்லை. பதினெட்டு வருஷம் ஒரு காது வாசலிலேயே இருந்தது. கதவு சத்தம், ஃபோன் சத்தம், லாரிச் சத்தம். இப்போது அந்தக் காதை எங்கே வைப்பது?

ஜனவரி 12

பனி. கூடத்தில் ஆள் குறைவு. இன்று ஒரு கசாக்குப் பெண்ணுக்கு ஒன்பதாம் நிமிடத்திலேயே எழுந்திருங்கள் என்றுவிட்டேன். எல்லோருக்கும் இப்போது அப்படித்தான். இன்னும் மணல் இருக்கிறதே என்கிறார்கள்.

பிப்ரவரி 3

மாமா என்னிடம் ஸினைதா பாவ்லோவ்னாவின் ஃபோன் எண்ணைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கு ரஷ்யன் நான்கு வார்த்தைகூடத் தெரியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனில் சேதி வந்தது. கிட்டத்தட்ட நான்கு மாதத்தில் ஸினைதா பாவ்லோவ்னா முதல்முறையாக அனுப்பியது. அந்த விரல்களால் அவ்வளவு நீளமாக எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

சிம்னாஸும் ருஃபத்தும் இரண்டு நாள் ரயிலில் வோல்கோகிராத் போயிருக்கிறார்கள். அவன் இறந்த வருஷ நாளுக்கு. காலையில் ஸினைதா பாவ்லோவ்னா அவர்களைக் கல்லறைக்குக் கூட்டிப்போனாளாம். பனி மூடியிருந்தது, பெண் கையாலேயே தள்ளிப் பெயரைப் பார்த்தாளாம். அழவில்லையாம். கேள்விகள் கேட்டாளாம். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாள். பெண் இப்போது சூப் குடித்துவிட்டுத் தூங்குகிறாளாம். கடைசியில் ஒரு வரி:

“பத்திரமா வந்து சேந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்கன்னு சொன்னா.”

வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். மாமா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

என்ன பதில் எழுதுவது? நன்றி என்று எழுதி அழித்தேன். அவளை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று எழுதி அழித்தேன். ஈரக் கையால் எழுத்து மாறி மாறி விழுந்தது. கடைசியில் இப்படி அனுப்பினேன்:

“ஸினைதா பாவ்லோவ்னா, தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவாள். எழுப்ப வேண்டாம், காலை மட்டும் மூடிவிடுங்கள். போதும்.”

உடனே பதில் வந்தது. மூடிவிட்டாளாம்.